பச்சை அறிக்கையில் என் கையெழுத்து

மரபணுப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஊக்கமூட்ட எனக்குத் தெரியாது. அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே ஒரு தளம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். சேர்ந்த அன்றைக்கே டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில், இதயப் படம் போட்ட சாவிக்கொத்து எல்லாம் கொடுத்திருப்பார்களே, அவர்கள்தான். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கதை. அதில் முட்டாள் நான் என்பதால் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கடைசிவரை சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள்; தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்து தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருஷம் இரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓய்வு பெற்றதும் கச்சிபௌலியில் ஒரு தனியார் பரிசோதனை நிறுவனம் கூப்பிட்டது. வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கப் பயந்து போய்ச் சேர்ந்தேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கும், ஆனால் ஊசி போடத் தெரியாத டாக்டர். அறிக்கைகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. படித்துப் பார்த்து என்றுதான் நியமன உத்தரவில் எழுதியிருந்தது.

மாரடைப்பும் பக்கவாதமும் இரத்தத்தின் வழியாக இறங்குவதில் இரண்டு விதம் உண்டு என்பது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். ஒன்று, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள். ஒவ்வொன்றும் துளியூண்டு தீமை செய்யும், எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவோம். இன்னொன்று, ஒரே ஒரு மரபணு பழுதாவது. அது பழுதானால் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எடுக்காது. பிறந்த நாளிலிருந்தே குழாய்களில் படிய ஆரம்பித்துவிடும். முப்பது, நாற்பது வயதில் ஆளைச் சாய்த்துவிடும்.

எங்கள் நிறுவனம் விற்றது முதல் வகைப் பரிசோதனை. அந்த மதிப்பெண் கணக்கைக் கட்டியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் இரத்தத்தை வைத்துக் கட்டினார்கள். ஒருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவனுக்கு மாட்டிவிட்டு, கனகச்சிதம் என்று கைதட்டுகிற வேலை. அது போதாது என்று, படிக்கச் சோம்பேறிப்படும் ஜனங்களுக்காகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதைவிட விவரமான பிராக்ரஸ் ரிப்போர்ட் வாங்குகிறார்கள். பச்சை வந்தவர்களின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளும் மனிதர் ஒருவர், பக்கவாதத்துக்குப் பச்சை என்றதும் என் எதிரிலேயே எழுந்துபோய் வெளியில் ஒன்று பற்றவைத்துவிட்டு வந்தார். நன்றி வேறு சொன்னார்.

பக்கத்துச் சாலையிலிருந்த ஒரு ஐ.டி. கம்பெனி தன் ஊழியர்களுக்கென்று எங்கள் 'இதயப் பேக்கேஜை' மொத்தமாக வாங்கியது. அவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே முகாம் போட்டோம். வருகிறவர்கள் முதலில் டேப்லெட்டில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு, பக்கவாதம் உண்டா?' என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் அறிக்கை நேராகப் போகாது. நம்மில் ஒருவர் அவரைக் கூப்பிட்டு அரை மணி நேரமாவது பேச வேண்டும். இல்லை என்றால் இயந்திரம் நிறம் போடும், நான் கையெழுத்துப் போடுவேன், முடிந்தது.

அரை மணி நேரம் பேசுவதென்றால் விற்பனைக்காரர்களுக்கு வயிறு எரியும். தவிர, அந்தக் கேள்விக்கு வந்ததும் ஜனங்கள் யோசிக்கிறார்கள், ஊருக்குப் போன் போடுகிறார்கள், வரிசை நகர மாட்டேன் என்கிறது. ஆகவே புண்ணியவான்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று தாங்களே முன்கூட்டி டிக் அடித்து வைத்துவிட்டார்கள். வேண்டுமென்கிறவர் மாற்றிக்கொள்ளலாமாம். சாப்பாட்டு இடைவேளையில் டேப்லெட்டைக் கையில் வாங்குகிற எவன் மாற்றப்போகிறான்?

இது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். அந்த முகாமின் அறிக்கைகள் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பது சொச்சம் என் மேசைக்கு வந்தன. நாற்பதிலும் குடும்ப வரலாறு இல்லை. தமிழன், தெலுங்கன், மார்வாடி, மலையாளி என்று நாற்பது குடும்பங்கள், ஒரு வீட்டிலாவது ஒரு அப்பன், ஒரு சித்தப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லையாம். ஹைதராபாத்தில்! பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு என்ன செய்தேன்? செகந்திராபாத் போகும் அலுவலக பஸ் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் சாக வேண்டும். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, எங்கள் கட்டட வரவேற்புக் கூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர் முளைத்தது. ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் நடக்கப்போகும் ஓட்டத்தில் எங்கள் நிறுவனத்தின் பச்சை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப்போகிறவர்களாம். எல்லோரும் பச்சை அறிக்கை வாங்கியவர்கள். நடுநாயகமாக ஒரு இளைஞன், இரண்டு கை முஷ்டிகளையும் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

அதைப் பார்த்துக்கொண்டு லதீஃப் நின்றிருந்தார். லதீஃப் எங்கள் நிறுவனத்துக்கு இரத்தம் எடுக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு தடவைக்கு மேல் யாரையும் குத்தியதில்லை. "மேடம், இனோ தோ வஹீச் ஹை" என்றார். அந்த ஆளேதான் இவர் என்று. எந்த ஆள் என்று கேட்டேன். மீதியை அவர் பேச்சிலிருந்து தமிழில் சொல்கிறேன்.

"முகாமில் நான்தான் இவருக்கு ரத்தம் எடுத்தேன் மேடம். கையை மூடுங்கள் என்றேன். மூடினதும் விரல் முட்டி மேலெல்லாம் பட்டாணி பட்டாணியாகக் கட்டி. அமுக்கினால் வலிக்கவில்லை என்றார். இந்தப் போட்டோவிலும் தெரிகிறது பாருங்கள்."

பார்த்தேன். தெரிந்தது. போட்டோக்காரன் முகத்துக்கு மேக்கப் போட்டிருக்கிறான், முஷ்டிக்குப் போட மறந்துவிட்டான்.

கெட்ட கொழுப்பு வருஷக்கணக்கில் இரத்தத்தில் மிதந்தால் தசைநார்களிலும் படிந்து அப்படிக் கட்டி கட்டியாக எழும்பும். அந்த ஒற்றை மரபணுக் கோளாறின் அடையாளம் அது. பாடப்புத்தகத்தில் படம் இருக்கும். அந்தப் படத்தை நான் எத்தனையோ பேருக்குத் திரையில் போட்டுக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறேன். நேரில் பார்த்தவர் லதீஃப்தான்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"கோன் பூச்சே மேடம்?" என்றார். யார் கேட்டார்கள் என்று. டேப்லெட் வைத்திருந்த பெண்ணிடம் சொன்னாராம். அதற்கெல்லாம் கட்டம் இல்லை அங்கிள் என்றாளாம்.

மேலே ஓடிப்போய், போஸ்டரில் போட்டிருந்த பெயரை வைத்துப் பதிவைத் திறந்தேன். பெயர் பிரபு. வயது முப்பத்துநாலு. சாப்பிடும் மருந்து: கொழுப்பு மாத்திரை. குடும்ப வரலாறு: இல்லை. நிறம்: பச்சை. கையெழுத்து என்னுடையது, நேரம் ஐந்து பன்னிரண்டு. முப்பத்துநாலு வயதுப் பையன் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறான் என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி போதும், நிறுத்தி விசாரிக்க. அது என் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் காலை விற்பனைத் தலைவர் அறைக்குப் போனேன். சென்னைக்காரர், என் மகன் வயது இருக்கும், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார்.

"நம்ம ரிப்போர்ட்ல தப்பு இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"தப்பு இல்லை."

"சொன்ன டெஸ்டைத்தானே பண்ணியிருக்கோம்?"

"ஆமா. அதுதான் பிரச்சினை."

"பின்பக்கம் போட்டிருக்கோமே மேடம், ஒற்றை மரபணு நோய்களை இந்த டெஸ்ட் காட்டாதுன்னு."

"எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல போட்டிருக்கோம். அதை நானே கண்ணாடியைக் கழட்டி மாட்டித்தான் படிக்கணும்."

"அப்ப டெக்னிக்கலா நாம கரெக்ட். ஞாயித்துக்கிழமை ரன் முடியட்டும். திங்கட்கிழமை போர்ட்டல்ல ஒரு மெயில் போட்டுடலாம். கஸ்டமரை நேரா கூப்பிடக் கூடாது, ரூல் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை அவன் ரோட்டுல விழுந்தா திங்கட்கிழமை மெயிலை யாரு படிப்பா?"

"இவ்வளவு நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம்" என்றார், நிஜமாகவே என்மேல் வருத்தப்பட்டு.

டெக்னிக்கலா கரெக்ட்! இந்த இரண்டு வார்த்தையை உங்களிடம் யாராவது சொன்னால், எவன் தலையிலோ கல் விழப்போகிறது என்று அர்த்தம். போர்ட்டலில் அவனுக்கு ஒரு செய்தி போட்டுப் பார்த்தேன். அது வாடிக்கையாளர் சேவைக்குப் போய், உங்கள் கருத்துக்கு நன்றி என்று எனக்கே திரும்பி வந்தது. போன் செய்தேன், ஏதோ இன்சூரன்ஸ் விற்கிறவள் என்று நினைத்துக் கட் செய்தான். சனிக்கிழமை சாயங்காலம் பதிவிலிருந்த விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கொண்டாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். விதியை மீறினேன்தான். வேலையிலிருந்து தூக்கியிருக்கலாம். நீங்களும் இப்படிக் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கிளம்ப வேண்டிய நிலைக்கு வராமல் முன்னாலேயே வேலையைச் செய்யுங்கள் என்கிறேன்.

ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்தது அவன் மனைவி சிரிஷா, தெலுங்குப் பெண். நான் யாரென்று சொன்னதும் பிரபு உள்ளேயிருந்து குதித்துக்கொண்டு வந்தான்.

"அந்த ஸ்டெல்லா மேடமா! உங்க கையெழுத்தை ஃபிரேம் போட்டு மாட்டலை, அவ்வளவுதான் குறை!" போனில் பச்சை அறிக்கையை எடுத்து என்னிடமே காட்டினான். மேசைமேல் மறுநாள் ஓட்டத்துக்கான எண் அட்டையும் வாழைப்பழமும் இருந்தன. அவன் அம்மா சரோஜா சமையலறை வாசலில் வந்து நின்று, "டீ போடவா டாக்டரம்மா?" என்றார். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று சோபாவில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது.

நாளைக்கு ஓட வேண்டாம், முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னேன். அவன் சிரித்தான்.

"நேத்து வரைக்கும் பச்சை, இன்னிக்கு சிவப்பா? என்ன மேடம் இது, மூசி ஆத்துல தண்ணி லெவலா?"

"அந்தக் கொழுப்பு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அதை விட்டு நாலு மாசமாச்சு. ரிப்போர்ட் வந்த அன்னிக்கே தூக்கிப் போட்டேன். ஜீன்லயே இல்லைன்னா மாத்திரை எதுக்கு?"

"எழுதிக் குடுத்த டாக்டரைக் கேட்டீங்களா?"

"அவருக்கு ஜீன் பத்தி என்ன தெரியும் மேடம்? உங்க ரிப்போர்ட்டைக் காட்டினா அவரே வாயடைச்சுப் போவாரு."

வாயடைத்துப் போனது நான்தான். அந்தக் காகிதம் தப்பு என்று சொல்லவும் முடியாது, சரி என்று சொல்லவும் முடியாது. என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு நம்பியதில்லை. அவ்வளவு முட்டாள்தனமாகவும் நம்பியதில்லை.

கையை மூடச் சொன்னேன். முட்டிக்கு முட்டி கட்டி. செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைப் பார்த்தேன். பின்பக்கத் தசைநார் கயிறு மாதிரி தடித்திருந்தது. கிரிக்கெட்டில் அடிபட்டது என்றான். இரண்டு காலிலுமா என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டான்.

"அப்பா எப்படிப் போனார்?"

"ஆக்சிடென்ட் மேடம். ஃபேக்டரியில எலெக்ட்ரீஷியன். ஏணியிலேர்ந்து விழுந்துட்டாரு. எனக்கு எட்டு வயசு அப்ப."

"ஹவ், ஆமா, ஏணியிலேர்ந்துதான்" என்றார் அவன் அம்மா. யாரும் அவரைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். டீ வரவே இல்லை.

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அவனுக்கு எரிச்சல். சிரிஷாதான், "ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம், மேடம் சும்மா வரலை" என்று கிளப்பினாள். குழந்தையை எதிர் ஃபிளாட்டில் விட்டார்கள். கூப்பிடாமலே சரோஜாம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறிக்கொண்டார்.

ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். சுத்தமாக நார்மல்! ட்யூட்டி டாக்டர் அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆல் த பெஸ்ட், நன்றாக ஓடுங்கள் என்று கை கொடுத்தார். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி நார்மலாக இருந்தால் குழாயில் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது டாக்டர், இவன் கையைப் பாருங்கள் என்று நான் கத்தாத குறை. இதய மருத்துவர் திங்கட்கிழமை வருவார் என்றார். இந்த ஊரில் எல்லாரும் திங்கட்கிழமைக்குத்தான் நேர்ந்து விட்டிருக்கிறார்கள்.

பிரபு வெளியே வந்து என் முன்னால் அந்தத் தாளை ஆட்டினான். "பார்த்தீங்களா மேடம்? இப்ப என்ன சொல்றீங்க?" அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, இந்தக் கிழவியைப் பாவம் என்று நினைக்கிற சிரிப்பு. கார் சாவியை எடுத்துவிட்டான். முப்பது வருஷம் படித்த படிப்பில் ஒரு வரிகூட அவனைத் தடுக்க உதவவில்லை.

அப்போதுதான் சிரிஷா திரும்பி மாமியாரைப் பார்த்தாள். சரோஜாம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிஷா அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏமைந்தி அத்தய்யா? செப்பண்டி" என்றாள். என்ன ஆயிற்று, சொல்லுங்கள் என்று.

"அவருக்கும் முந்தின நாள் இதே மாதிரி எடுத்தாங்க" என்றார் சரோஜாம்மா, மகனைப் பார்க்காமல். "தோள் வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. இதே மாதிரிதான் அந்தத் தாளை என் முன்னாடி ஆட்டிச் சிரிச்சாரு. மறுநாள் டூட்டிக்குப் போனவரு, ஏணி மேலயே மாரைப் பிடிச்சுக்கிட்டாராம். அப்புறம்தான் விழுந்தாரு. விழுறதுக்கு முன்னாடியே உசிரு போயிடுச்சுன்னு டாக்டரு சொன்னாரு. முப்பத்தெட்டு வயசு."

பிரபு கையிலிருந்த தாளை இறக்கினான்.

"அவரு கை முட்டியும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

"பெரியப்பா?" என்று கேட்டான் பிரபு.

"அவரும் அதேதான். நாப்பது முடியலை."

"தாத்தா?"

"அவரும்தான்பா. உங்கப்பா எனக்குத் தாய்மாமன், எல்லாரும் ஒரே வீடு. எங்கம்மா பொறந்த வீட்டு ஆம்பளைங்க யாரும் தலை நரைச்சுப் போகலை. வெளியில சொன்னா நெஞ்சுவலிக் குடும்பம்னு பேரு வந்துடும், உன் தங்கச்சி வித்யாவை யாரு கட்டுவா? அடுத்த வாரம் அவளுக்கு நிச்சயதார்த்தம். இருபத்தாறு வருஷமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்துட்டேன். நீ பச்சைன்னு காட்டினப்போ, அப்பாடா, உனக்கு அது இல்லை, சாமி காப்பாத்திட்டாருன்னு மூணு நாளு கோயிலுக்குப் போனேன்டா."

நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்காக ஒரு தாய் மூன்று நாள் கோயிலுக்குப் போயிருக்கிறார். மாதாவே, எந்தக் குழியில் போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

பிரபு அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தன் கை முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனைவியிடம், "நாளைக்குப் போகலை" என்றான். அவ்வளவுதான். சிரிஷா மறுபடி உள்ளே போய் அந்த ட்யூட்டி டாக்டரிடம் என்ன பேசினாளோ, அன்றைக்கே இரத்தம் எடுத்து, ஆளைப் படுக்க வைத்து, மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். திங்கட்கிழமை டிரெட்மில்லில் ஏற்றி இரண்டாவது நிமிஷமே இறக்கினார்கள். ஆஞ்சியோவில் பார்த்தால் மூன்று குழாயில் அடைப்பு. அந்த வாரமே பைபாஸ் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இவர் ஓடியிருந்தால் என்று இதய மருத்துவர் சிரிஷாவிடம் ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம்.

வித்யா கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். எங்கப்பாவுக்கே இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது, அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள்தான் முழித்துக்கொண்டிருந்தோம் என்றானாம் அவன். இதற்கா இருபத்தாறு வருஷ ரகசியம்! அவளுக்கும் அதே கோளாறுதான்; இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள்.

எங்கள் நிறுவனம் சும்மா இருக்குமா? போஸ்டரை ராவோடு ராவாக எடுத்தார்கள். பத்து நாள் கழித்து விற்பனைத் தலைவரிடமிருந்து எனக்கு ஒரு மெயில். 'எங்கள் நிபுணரின் விழிப்புணர்வால் காப்பாற்றப்பட்ட ஓர் உயிர்' என்று புதிய விளம்பரம் தயாராகிறது, நீங்கள் இரண்டு வரி எழுதித் தர வேண்டும், முடிந்தால் புன்னகையோடு ஒரு படமும் என்று கேட்டிருந்தார். வாய் கூசாதா என்பார்கள், இவர்களுக்கு விரல்கூடக் கூசவில்லை. நான் எழுதிய பதிலை இங்கே அச்சில் போட முடியாது. அந்த 'இல்லை' டிக்கை எடுக்காமல் இனி ஒரு அறிக்கையிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் அதில் எழுதினேன். எடுத்தார்கள். மூன்று மாதத்தில் என்னையும் எடுத்தார்கள், பூங்கொத்து கொடுத்து.

ஆபரேஷன் முடிந்து அவன் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் மனசுக்குள் ஒரு அற்ப ஆசை, அந்தக் குடும்பம் என்னைக் கொண்டாடும் என்று. உயிரைக் காப்பாற்றியவள் அல்லவா நான்! சரோஜாம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரபு நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"மேடம், உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு அம்மா காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்காங்க" என்றான். "எனக்கு வாய் வரலை. நீங்க அன்னிக்கு வரலைன்னா நான் செத்திருப்பேன், அது தெரியும். ஆனா நீங்க கையெழுத்துப் போடாம இருந்திருந்தா நான் அந்த மாத்திரையை விட்டிருக்கவே மாட்டேன்."

"டேய்!" என்றார் சரோஜாம்மா.

"அவர் சொல்றது சரிதாம்மா" என்றேன். மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினான்.

குழந்தை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. அப்பனிடமிருந்து அந்தக் கோளாறு பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்துவிடலாம். எல்லாரையும் போல வாழலாம். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைத்து, "பாப்பாவுக்கும் ஒரு தடவை பார்த்துடணும். நானே கூட இருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பார்த்தாச்சு மேடம்" என்றான். "வேற லேப்ல குடுத்தோம். அவ ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து வேண்டாம்னு தோணுச்சு."

"நல்லது. ரிசல்ட் வந்துச்சா?"

பிரபு சிரிஷாவைப் பார்த்தான். அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"வந்துச்சு" என்றான்.

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. குழந்தை மெழுகுக் குச்சியை இறுக்கிப் பிடித்து ஏதோ வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது; அதன் பிஞ்சு விரல்களை உற்றுப் பார்த்தேன். அந்த வயதில் விரலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.